சர்ப்பகந்தி வேரும் செரோட்டோனினும்: நரம்பணுவின் கால்சியக் குறிகைகளும் மின்செயலும்

யாங்கோன் நகரில் சுவேதகோன் பகோடா நிற்கும் மேடு, வடக்கே நெடுந்தொலைவு நீளும் பெகு யோமா மலைத்தொடரின் தென்கோடியாகும். இம்மலைக் காடுகளை ஆராய்ந்த சுல்பிஸ் குர்ஸ், பிரித்தானிய பர்மாவின் காட்டுத் தாவரங்களைப் பற்றிய தம் நூலை 1877இல் வெளியிட்டார். தமிழில் சர்ப்பகந்தி என்றும் பர்மிய மொழியில் பொம்மயாசா என்றும் வழங்கும் செடிக்குரிய ரௌவோல்பியா செர்பென்டினா என்னும் தாவரவியற் பெயர் அந்நூலில்தான் முறைப்படி அச்சேறியது. செரோட்டோனின் ஆய்வில் இச்செடியின் வேருக்குப் பெரும்பங்கு உண்டு.

மனநோய்க்கு நாட்டு மருத்துவர் கொடுத்துவந்த இவ்வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் உலகறியச் செய்தார். 1952இல் இதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அது மூளையின் செரோட்டோனின் இருப்பைக் கரைத்துவிடுவதை 1955இல் பிளெட்சர், ஷோர், பிராடி ஆகியோர் காட்டினர்.

நரம்பணு தன் செரோட்டோனினை நுண்பைகளில் அடைத்து வைக்கிறது. மின்துடிப்பு நரம்பு முனையை அடைந்ததும் கால்சிய வாயில்கள் திறக்கின்றன. உட்புகும் கால்சியம் நுண்பையைச் சவ்வோடு இணைத்து உள்ளிருப்பதை வெளியே கொட்டச் செய்கிறது. ரெசர்பின் இவ்வாயில்களைத் தொடுவதில்லை. நுண்பையை நிரப்பும் புரதத்தையே அது முடக்குகிறது. பைக்குள் சேராத செரோட்டோனினை அணுவுக்குள் உள்ள நொதி சிதைத்துவிடுகிறது. துடிப்பும் வருகிறது, கால்சியமும் நுழைகிறது. வெளியிடச் சரக்குதான் இல்லை.

வெளிவந்த செரோட்டோனின் அடுத்த அணுவில் என்ன செய்யும் என்பது ஏற்பியைப் பொறுத்தது. ஏற்பிகள் ஏழு குடும்பங்களாக வகுக்கப்பட்டுள்ளன. 1ஏ வகை பொட்டாசிய வாயில்களைத் திறந்து கால்சிய வாயில்களை மட்டுப்படுத்துகிறது, அணு அடங்குகிறது. செரோட்டோனினைச் சுரக்கும் அணுக்களே தம்மேல் இவ்வகை ஏற்பியைத் தாங்கித் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்கின்றன. 2ஏ வகையோ அணுவினுள் சேமித்த கால்சியத்தை விடுவித்துப் பெரும்பாலும் அணுவைக் கிளர்த்துகிறது. மூன்றாம் குடும்பம் தானே ஓர் அயனி வாயில். ஆதலால் அதன் விளைவு மில்லிநொடிகளில் தோன்றிவிடும். எரிக் கேண்டல் ஆராய்ந்த அப்லீசியா என்னும் கடல் நத்தையில் செரோட்டோனின் பொட்டாசிய வாயில்களை அடைக்கிறது. அதனால் மின்துடிப்பு நீள்கிறது. கூடுதலான கால்சியம் புகுந்து, முனையிலிருந்து வெளிப்படும் வேதிப்பொருளும் மிகுகிறது.

ஒரே மூலக்கூறு ஓரிடத்தில் அடக்கவும் வேறிடத்தில் முடுக்கவும் செய்கிறது. இதற்குத் தமிழ் இதழ்கள் சூட்டியுள்ள ‘மகிழ்ச்சி ஹார்மோன்’ என்னும் பெயர் கவர்ச்சியானது, ஆயினும் பொருந்தாதது. ரெசர்பின் உண்டோருள் சிலர் மனச்சோர்வுற்றதாக 1950களில் வந்த செய்திகள், செரோட்டோனின் குறைவே சோர்வு என்ற எளிய கணக்குக்கு வலுவூட்டின. ஆனால் ரெசர்பின் நோரட்ரினலினையும் டோபமினையும் சேர்த்தே கரைக்கிறது. 1957இல் சுவீடனில் அர்விட் கார்ல்சனும் துணைவரும் ரெசர்பினால் அசைவற்றுக் கிடந்த விலங்குகளுக்குச் செரோட்டோனினின் முன்பொருளைச் செலுத்தினர், அவை எழவில்லை. டோபமினின் முன்பொருளாகிய டோபாவைச் செலுத்தியபோது எழுந்து நடமாடின.