பறக்கும் தட்டுக்குத் தடை போட்ட ஊர்!

13 வகைத் திராட்சையில் சிவப்பு ஒயின்

பறக்கும் தட்டு எதுவும் எங்கள் ஊருக்கு மேலே பறக்கக் கூடாது. இறங்கவும் கூடாது. மீறி இறங்கினால் உடனே பறிமுதல்!

இப்படி ஓர் உத்தரவு போட்டார், ஒரு கிராமத்து மேயர். அந்த ஊர் தெற்குப் பிரான்சில் இருக்கிறது. உத்தரவு பிறந்த ஆண்டு 1954. அப்போது பிரான்சு முழுவதும் பறக்கும் தட்டைப் பற்றித்தான் பேச்சு.

ஊருக்கு விளம்பரம் தேடிச் செய்த வேடிக்கைதான் அது என்று மேயரின் மகன் பிற்காலத்தில் சொன்னார்.

ஆனால் அதற்கு முன்பே அந்த ஊரார் வேறு சில சட்டங்களைப் போட்டார்கள். அவை வேடிக்கை அல்ல. தங்கள் சிவப்பு ஒயினைக் காப்பாற்றப் போட்டவை.

போப்பாண்டவர் கோட்டை

ஊரின் பெயர் ஷாட்டோநெப் டு பாப். தமிழில் சொன்னால், "போப்பாண்டவரின் புதுக்கோட்டை".

1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமாபுரியை விட்டு, பக்கத்திலுள்ள அவிஞ்ஞோன் நகரில் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான 22-ம் ஜான் இங்கே கோட்டை கட்டினார். 1944-ல் பின்வாங்கி ஓடிய ஜெர்மன் படை அதற்கு வெடி வைத்தது. மிஞ்சிய சுவர் இன்றும் நிற்கிறது.

தோட்டங்களைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பல இடங்களில் மண்ணே தெரியாது. எங்கும் உருண்டைக் கற்கள்! பகல் வெயிலில் அவை காய்கின்றன. இரவில் அந்தச் சூட்டைக் கொடிக்குக் கொடுக்கின்றன.

கலப்பு வேறு, கலப்படம் வேறு

இந்த ஒயினில் 13 வகைத் திராட்சை சேரலாம். எல்லாம் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பலர் மூன்று நான்கு வகையோடு நிறுத்திக் கொள்கிறார்கள்.

முக்கியமானது கிரெனாஷ். அதில் இனிப்பு அதிகம். இனிப்புத்தான் புளித்துச் சாராயச் சத்தாக மாறுகிறது. ஆனால் அதற்கு நிறம் போதாது. சிரா என்ற திராட்சை கருஞ்சிவப்பு நிறமும் மிளகு வாசனையும் தருகிறது. மூர்வெதர் துவர்ப்பைத் தருகிறது. பல வருஷம் கெடாமல் இருக்கும் உரம் அந்தத் துவர்ப்பில் இருக்கிறது.

இது கலப்பு. கலப்படம் வேறு விதம்! எங்கோ செய்த மட்டமான ஒயினை, வியாபாரிகள் இந்த ஊர்ப் பெயரில் விற்றார்கள். பாடுபட்ட விவசாயி நஷ்டப்பட்டான்.

1923-ல் விவசாயிகள் லெ ருவா என்ற பிரபுவிடம் போனார்கள். அவர் சட்டம் படித்தவர். முதல் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். அவர் ஒரு நிபந்தனை போட்டார். முதலில் நீங்கள் ஒழுங்காக இருங்கள் என்றார்!

அதன்படி விதிகள் வந்தன. காட்டு ஓமமும் லாவெண்டர் செடியும் முளைக்கும் வறண்ட நிலத்தில் விளைந்த பழம்தான் ஆகும். கெட்ட பழத்தைப் பொறுக்கி எறிய வேண்டும். ஒயினில் சாராயச் சத்து 100-க்கு 12½ பங்காவது இருக்க வேண்டும்.

வழக்கு பத்து வருஷம் நடந்தது. 1933-ல் விவசாயிகள் ஜெயித்தார்கள். 1936-ல் பிரெஞ்சு அரசு ஒயின்களுக்கு ஊர்ப் பெயர்க் காப்பு கொடுத்தபோது, முதல் பட்டியலிலேயே இந்த ஊர் இடம் பெற்றது.

எதோடு சேரும்?

பாக்கைக் கடித்தால் நாக்கு இழுக்கும் அல்லவா? இந்த ஒயினிலும் அப்படி ஒரு துவர்ப்பு உண்டு. இறைச்சியின் கொழுப்பு அதை அடக்கி விடும். அதனால்தான் பூண்டு வைத்துச் சுட்ட ஆட்டுத் தொடை இதற்கு நல்ல ஜோடி. காட்டுப் பன்றிக் கறியும், நாள்பட்ட பாலாடைக் கட்டியும் சேரும்.

மீன் சேராது. சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச் சத்து, மீன் வாடையைக் கிளப்பி விடும். மிளகாய்க் காரமும் ஆகாது. சாராயச் சத்து எரிச்சலைக் கூட்டும்.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களின் குளிர்காலச் சாப்பாடு "டோப்". இறைச்சியை இரவு முழுவதும் ஒயினில் ஊற வைக்கிறார்கள். பிறகு வெங்காயம், பூண்டு, ஆரஞ்சுத் தோல் சேர்த்து, மூடிய பாத்திரத்தில், சிறு தீயில் மணிக்கணக்காக வேக விடுகிறார்கள். அன்றே தின்ன அவசரப்படுவதில்லை. நேற்று வைத்த குழம்புக்குத் தனி ருசி உண்டல்லவா? அதுபோல, டோப்பும் மறுநாள் சூடாக்கினால்தான் ருசி என்பது அவர்கள் கட்சி!