எல்லையிலிருந்து வீடு திரும்பிய பின்: மீண்டும் இணைந்து வாழப் பழகும் ராணுவத் தம்பதியர்

புது தில்லி: எல்லைப் பகுதியில் நெடுநாள் பணியாற்றிய படைவீரர் ஒருவர் கறுப்பு இரும்புப் பெட்டியுடன் ரயிலிலிருந்து இறங்கும் காட்சி, நாட்டின் பல மாவட்டங்களுக்குப் பழக்கமானது. மனைவி, பெற்றோர், குழந்தைகள் என வீடே நடைமேடையில் காத்திருக்கும். மாலை, இனிப்பு, கண்ணீர், புகைப்படம் என அந்த நாள் கழிந்துவிடும். அடுத்த வாரத்தில் எழும் கேள்விகளோ மிகச் சிறியவை. வங்கி அட்டை யாரிடம் இருக்க வேண்டும்? பள்ளிக்குச் செல்லும் மகனை யார் எழுப்புவது? தன்னைக் கேட்காமல் கடையை மாற்றியது ஏன்? இரவு இரண்டு மணிக்கு அவர் ஏன் உறங்காமல் அமர்ந்திருக்கிறார்? பிரிந்திருந்த காலத்தில் தலைகாட்டாத மனத்தாங்கல்கள் பல வீடுகளில் இத்தகைய கேள்விகளிலிருந்தே தொடங்குகின்றன.

பிரிவின் துயரம் பற்றி நிறையப் பேசப்படுகிறது. மீண்டும் சேர்ந்த பின் வரும் சிக்கல் பற்றி அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. திரும்பி வந்துவிட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைதான் இதற்குக் காரணம். அந்த நம்பிக்கை பொய்க்கும்போது, குறை தன்னிடமோ துணையிடமோ இருப்பதாக ஒவ்வொருவரும் தனித்தனியே எண்ணிக்கொள்கின்றனர்.

பிரிவு அமையும் விதம்

இந்திய ராணுவத்தின் படைப்பிரிவுகள் களப்பகுதி, அமைதிப் பகுதி என மாறி மாறிப் பணியமர்த்தப்படுகின்றன. படைவீரர்கள் இவற்றை 'ஃபீல்டு', 'பீஸ்' என்றே குறிப்பிடுவர். களப்பகுதியில் குடும்பத்துடன் வாழ முடியாது. ஒவ்வொரு கட்டமும் பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுகள் நீடிக்கும். 1984 ஏப்ரல் 13 அன்று 'மேகதூத்' நடவடிக்கை தொடங்கியது முதல் சியாச்சின் பனிப்பாறையில் வீரர்கள் தொடர்ந்து நிறுத்தப்பட்டு வருகின்றனர். அங்கே வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 50 டிகிரி வரை இறங்குவதுண்டு. 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த மோதலுக்குப் பிறகு கிழக்கு லடாக்கிலும் பல்லாயிரம் வீரர்கள் குளிர்காலம் முழுவதும் தங்க வேண்டியதாயிற்று. கடற்படையில் கப்பலும் நீர்மூழ்கியும் கரையை விட்டு அகலும் மாதங்கள் இதே பிரிவைத் தருகின்றன.

அமைதிப் பகுதிக்கு மாற்றலான பின்னும் எல்லா ஜவான்களுக்கும் உடனே குடியிருப்பு கிடைப்பதில்லை. அதனால் குடும்பங்கள் பல சொந்த ஊரிலேயே தங்கிவிடுகின்றன. உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்தில் உள்ள கஹ்மர், மகாராஷ்டிரத்தின் சதாராவில் உள்ள அப்ஷிங்கே, வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் படையில் சேர்ந்து வருகின்றனர். உத்தராகண்டின் மலைக் கிராமங்கள் பல, ஆண்கள் வெளியிலிருந்து அனுப்பும் பணவிடையை நம்பியே நெடுங்காலம் வாழ்ந்தன. வயல், கால்நடை, பிள்ளைகளின் படிப்பு, முதியோரின் மருத்துவம் ஆகியவை அங்கே பெண்களின் பொறுப்பு.

அறுபது நாட்களில் அடங்கும் இல்லறம்

ஜவான்களுக்கு ஆண்டுக்கு 60 நாட்கள் ஆண்டு விடுப்பும் 30 நாட்கள் தற்செயல் விடுப்பும் உண்டு. எழுத்தில் இது தாராளமாகத் தெரியும். ஆனால் அந்த நாட்களுக்கு உரிமை கோருவோர் பலர். தங்கையின் திருமணம், தந்தையின் கண் அறுவை சிகிச்சை, பாதியில் நிற்கும் வீட்டின் மேல்தளம், வட்டாட்சியர் அலுவலகத்தில் தேங்கிய பட்டா மாறுதல், பங்காளியுடன் நிலத் தகராறு எனப் பட்டியல் நீளும். ஓராண்டு காத்திருந்த மனைவிக்கு எஞ்சுவது இவையெல்லாம் முடிந்த பின் கிடைக்கும் நேரமே. கூட்டுக் குடும்பத்தில் தம்பதியர் தனித்துப் பேசுவதற்கு ஓர் அறைகூட வாய்க்காமல் போவதுண்டு.

இதனால் ஒரு பழக்கம் உருவாகிறது. இருக்கும் சில நாட்களைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இருவருமே கசப்பான பேச்சைத் தள்ளிப்போடுகின்றனர். கடன் பற்றிய கவலையை மனைவி சொல்வதில்லை. முகாமில் நண்பர் இறந்ததைக் கணவர் சொல்வதில்லை. வீட்டில் அவர் விருந்தினர் போலவே நடத்தப்படுகிறார். ஒருவரையொருவர் புரிந்துகொள்ளத் தொடங்கும் வேளையில் விடுப்பு முடிந்துவிடும். மேலைநாட்டுப் படைகளில் ஒரு போர்ப்பணி முடிந்து திரும்புவது பெரும்பாலும் தனித்த ஒரு நிகழ்வு. இந்தியப் படைவீரரின் வாழ்விலோ பிரிவும் சேர்க்கையும் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு மாறி மாறி வருகின்றன. பல விடுப்புகளில் தள்ளிப்போடப்பட்டவை யாவும், அமைதிப் பகுதியில் குடியிருப்பு கிடைத்தோ, ஓய்வு பெற்றோ இருவரும் நாள்தோறும் ஒன்றாக வாழத் தொடங்கும்போது ஒருசேர வெளிப்படுகின்றன. சிப்பாய் நிலையில் உள்ளோர் பலர் 35 முதல் 40 வயதுக்குள்ளேயே ஓய்வு பெறுவதால், அந்தக் கட்டமும் வாழ்வின் நடுவிலேயே வந்துவிடுகிறது.

திறம்பட நடந்த வீடும் தடுமாறும்

இந்தச் சிக்கலை முறையாக ஆராய்ந்த தொடக்ககால நூல்களில் ஒன்று, அமெரிக்கச் சமூகவியலாளர் ரூபன் ஹில் 1949-இல் வெளியிட்ட ஆய்வு. இரண்டாம் உலகப் போரில் பிரிந்து மீண்டும் இணைந்த அயோவா மாநிலக் குடும்பங்களை அவர் ஆராய்ந்தார். பிரிவைத் தாங்குவதும் மறுசேர்க்கைக்குப் பழகுவதும் வெவ்வேறு திறன்கள் என்பது அதில் தெரியவந்தது. தந்தை இல்லாத இடத்தை முற்றிலும் நிரப்பிக்கொண்டு, அவரின்றியே நன்கு இயங்கப் பழகிய குடும்பங்களுக்கு, அவர் திரும்பியபோது மீண்டும் இடமளிப்பது கடினமாக இருந்தது.

இந்திய வீடுகளிலும் இதைக் காணலாம். கணவர் இல்லாத ஆண்டுகளில் வங்கிப் பரிவர்த்தனை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, மின்கட்டணம், இருசக்கர வாகனம், மருத்துவமனை என அனைத்தையும் மனைவி கற்றுக்கொள்கிறார். கணவர் திரும்பியதும் இவற்றை ஒரே நாளில் அவர் கையில் ஒப்படைக்க வேண்டும் என்று சுற்றம் எதிர்பார்க்கிறது. அதுவரை எடுத்த முடிவுகளுக்குப் பாராட்டு கிடைப்பது அரிது. அவற்றுக்கு விளக்கம் கேட்கப்படுவதே அதிகம். மறுபுறம், ஓராண்டு முழுவதும் வீட்டை நினைத்தே நாட்களைக் கழித்த கணவருக்கு, அந்த வீட்டில் தமக்கென ஒரு வேலையும் இல்லை என்பது பேரிடியாக அமையும். கட்டளையிடும் குரலில் அவர் பேசுவது அதிகார ஆசையால் மட்டும் நிகழ்வதன்று. தமக்கு இடமில்லை என்ற அச்சமும் அதில் கலந்திருக்கலாம்.

அருகில் இருந்தும் இல்லாததுபோல் இருக்கும் நிலையை அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் விளக்கியுள்ளார். வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களிலிருந்து அவரது ஆய்வு தொடங்கியது. உடல் தொலைவில் இருக்க மனத்தில் நிறைந்திருப்பது ஒருவகை இழப்பு. உடல் அருகில் இருக்க மனம் வேறெங்கோ இருப்பது இன்னொரு வகை இழப்பு என்பது அவர் கருத்து. முகாமில் இருந்தபோது வீட்டையே எண்ணிய வீரர், வீட்டில் அமர்ந்து முகாமையே எண்ணுவது இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

முகாமின் பழக்கம்

காவல் பணியில் சிறு ஒலிக்கும் விழிப்பது உயிர் காக்கும் பழக்கம். பொருள் வைத்த இடத்தில் இருப்பது, உத்தரவு உடனே நிறைவேறுவது, உணர்ச்சியை அடக்குவது, தகவலை வெளியிடாதிருப்பது ஆகியவையும் அவ்வாறே. இதே பழக்கங்கள் வீட்டில் உறக்கமின்மை, சிடுசிடுப்பு, கண்டிப்பு, மௌனம் என வேறு பெயர் பெறுகின்றன. இதை உணர்ந்தே அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனம், களத்தில் பயன்பட்ட திறன்களை வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வீரர்களுக்குப் பயிற்சி முறை ஒன்றை உருவாக்கியது.

மௌனத்தை மனைவியர் பலர் அன்பின்மையாகப் புரிந்துகொள்கின்றனர். கண்டதைச் சொன்னால் அவர் அஞ்சுவார் என்று கணவர் கருதுகிறார். சொல்லாததால்தான் அவர் அஞ்சுகிறார். மதுவும் சேர்ந்துகொண்டால் பேச்சுக்கான வாய்ப்பு மேலும் குறைகிறது.

தந்தையை அறியாத குழந்தை

கைக்குழந்தையாக விட்டுச் சென்ற மகள், திரும்பி வரும் தந்தையைக் கண்டு தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிவது இந்தக் குடும்பங்களில் அரிதன்று. கைப்பேசித் திரையில் நாள்தோறும் கண்ட முகமும் நேரில் நிற்கும் உயர்ந்த மனிதரும் ஒருவரே என்று உணரக் குழந்தைக்குச் சில நாட்கள் தேவைப்படலாம். வளர்ந்த பிள்ளைகளின் சிக்கல் வேறு. வீட்டின் மூத்த ஆணாகப் பொறுப்பேற்றிருந்த பதினான்கு வயது மகன், திடீரெனச் சிறுவனாக நடத்தப்படுவதை ஏற்பதில்லை. வந்த முதல் வாரத்திலேயே மதிப்பெண், தலைமுடி, கைப்பேசி குறித்துக் கண்டிப்பு தொடங்கினால், அப்பா எப்போது திரும்பிச் செல்வார் என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்குவர்.

சீருடையில் மனைவியும்

எல்லைக்குச் செல்வது கணவர், காத்திருப்பது மனைவி என்ற நிலையும் மாறி வருகிறது. ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17 அன்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் கேப்டன் சிவா சௌகான், சியாச்சினின் குமார் நிலையில் பணியமர்த்தப்பட்ட முதல் பெண் அதிகாரியானார். கணவனும் மனைவியும் படையில் உள்ள குடும்பங்களில் இருவருக்கும் ஒரே ஊரில் பணி கிடைப்பது எளிதன்று. அங்கே வீட்டுப் பொறுப்பும் குழந்தை வளர்ப்பும் தாத்தா, பாட்டியரிடம் செல்வதால், இருவருமே சொந்த வீட்டுக்குள் மீண்டும் இடம் தேட வேண்டியுள்ளது.

எவை உதவும்?

முதலாவது, எதிர்பார்ப்பை அளவாக வைப்பது. வந்தவுடன் பழைய நெருக்கம் திரும்ப வேண்டும் என்ற அவசரம் இருவருக்கும் சுமையாகும். உடல் நெருக்கத்துக்கும் இது பொருந்தும். தயக்கம் இருப்பது வெறுப்பின் அறிகுறியன்று.

இரண்டாவது, முதல் சில வாரங்களுக்கு வீட்டின் நடைமுறையை மாற்றாதிருப்பது. திரும்பியவர் முதலில் அந்த நடைமுறையைக் கவனிக்கலாம். பிறகு பொறுப்புகளை ஒவ்வொன்றாகப் பேசிப் பகிர்ந்துகொள்ளலாம். குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது போன்ற ஒரே ஒரு வேலையிலிருந்து தொடங்கினால்கூடத் தந்தைக்கு வீட்டில் ஓர் இடம் கிடைக்கிறது. பண விவகாரத்தில், இதுவரை கணக்கைக் கவனித்தவரிடமே அது தொடர்வது நல்லது.

மூன்றாவது, பெரியவர்களின் பங்கு. வந்த முதல் நாட்களைத் தம்பதியருக்கென விட்டு, வழக்கு, கடன், உறவினர் சச்சரவு ஆகியவற்றைச் சற்றுத் தள்ளிவைப்பது பெற்றோரால் செய்யக்கூடிய பேருதவி.

நான்காவது, களத்தில் நடந்தவற்றைக் கேட்கும் முறை. குடைந்து கேட்பதும், அந்தப் பேச்சையே தவிர்ப்பதும் பயன் தருவதில்லை. சொல்ல விரும்பும்போது கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற உறுதியே போதுமானது. அதேபோல் மனைவி தனித்துக் கடந்த ஆண்டையும் கணவர் கேட்டறிய வேண்டும். அதுவும் ஒரு பணிக்காலமே.

உதவி எங்கே கிடைக்கும்?

உறக்கமின்மை, கடுஞ்சினம், அச்சக் கனவு, யாருடனும் ஒட்டாமை ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும். தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. படைவீரர்களின் மன அழுத்தத்துக்கான காரணங்களில் குடும்பப் பிரச்சினைகளும் அடங்கும் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பலமுறை தெரிவித்துள்ளது. நாடு தழுவிய 'டெலி மனஸ்' தொலைபேசி மனநலச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஆலோசனை பெறலாம். ஆயுதப் படையினருக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் எனத் தனிப் பிரிவு 2023 டிசம்பர் 1 அன்று புணே ஆயுதப் படைகள் மருத்துவக் கல்லூரியில் திறக்கப்பட்டது.

1966 முதல் இயங்கிவரும் 'ஆவா' போன்ற ராணுவக் குடும்ப நல அமைப்புகள் படைக் குடியிருப்புகளில் செயல்படுகின்றன. சொந்த ஊரில் வசிக்கும் குடும்பங்கள் நிலத் தகராறு உள்ளிட்ட சிக்கல்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். வீட்டில் வன்முறை நிகழ்ந்தால், அதை முகாமின் அழுத்தம் என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் படைவீரர்களின் மனைவியருக்கும் பொருந்தும். பெண்கள் உதவி எண் 181 எந்நேரமும் இயங்குகிறது.

உதவியை நாடுவதில் உள்ள பெரிய தடை கூச்சம். மனநல மருத்துவரைப் பார்த்தது தெரிந்தால் பதவி உயர்வு பாதிக்கப்படும் என்று வீரர் அஞ்சுகிறார். படைப்பிரிவில் கணவரின் பெயர் கெடும் என்று மனைவி அஞ்சுகிறார். எலும்பு முறிவுக்கு மருத்துவமனை செல்வதில் யாரும் வெட்கப்படுவதில்லை. களப்பணிக்குச் செல்லும் வீரருக்கு உயரம், குளிர், ஆயுதம் எனப் பல பயிற்சிகள் அளிக்கப்படுகின்றன. வீடு திரும்புவதற்கும் ஆயத்தம் தேவை என்பதைப் படைத்துறையும் குடும்பங்களும் ஏற்றுக்கொண்டால், இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் கணவரும், பக்கத்து அறையில் உறங்காமல் கிடக்கும் மனைவியும் அதைத் தங்கள் தோல்வியாகக் கருத வேண்டியிராது.