பிள்ளைகள் யாரிடம் சொல்வார்கள்? தொலைபேசியிலிருந்து திரைக்கு வந்த சிறுவர் உதவிச்சேவை

புலம்பெயர்ந்த நாடுகளில் எமது பிள்ளைகள் இரண்டு மொழிகளுக்கு நடுவே வளர்கிறார்கள். வைத்தியரிடமும் சட்டத்தரணியிடமும் பெற்றோருக்காக மொழிபெயர்த்துச் சொல்லும் பிள்ளை, தன் மனதில் கிடப்பதை யாரிடம் சொல்லும் என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை. இந்நாடுகளில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே சில தொண்டு நிறுவனங்கள் உதவிச்சேவை நடத்துகின்றன. கடந்த பதினைந்து, இருபது வருடங்களில் அச்சேவைகள் தொலைபேசியிலிருந்து கணினிக்கும் கைத்தொலைபேசித் திரைக்கும் மாறிவிட்டன. இந்த மாற்றத்தால் எமது பிள்ளைகளுக்கு என்ன நன்மை, எங்கே கவனம் தேவை என்பதை பிரித்தானியாவின் சைல்ட்லைனை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

ஓர் இலக்கத்தில் தொடங்கியது

தொலைக்காட்சி அறிவிப்பாளர் எஸ்தர் ராண்ட்சனின் முயற்சியால் 1986 ஒக்டோபரில் சைல்ட்லைன் தொடங்கப்பட்டது. 0800 1111 என்ற இலவச இலக்கத்துக்கு முதல் இரவிலேயே சுமார் 50,000 அழைப்பு முயற்சிகள் வந்தன. இருந்த சில இணைப்புகளால் அவற்றில் சிறு பகுதியையே ஏற்க முடிந்தது. 2006 இல் இச்சேவை, 1884 இல் லண்டனில் உருவான சிறுவர் வதைத் தடுப்புச் சங்கமான என்எஸ்பிசிசியுடன் இணைந்தது. 2009 இல் இணையத்தளம் வழியாக ஒரு பிள்ளையும் ஓர் உளவளத்துணையாளரும் எழுத்தில் உரையாடும் வசதி வந்தது. சில வருடங்களுக்குள்ளேயே உளவளத்துணை அமர்வுகளில் பாதிக்கு மேற்பட்டவை இணையவழியாக நடக்கத் தொடங்கின.

காரணம் எளிது. தொலைபேசியில் பேசுவதற்குக் கதவு மூடிய ஓர் அறை வேண்டும். அப்பா இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும், அம்மம்மாவும் தம்பியும் ஒரே அறையில் படுக்கும் வீட்டில் அந்த அறைக்கு எங்கே போவது? எழுத்துக்குச் சத்தம் இல்லை. குரல் எடுத்துச் சொல்லக் கூச்சப்படும் விடயத்தையும் எழுதிவிட முடிகிறது. தன்னைத்தானே காயப்படுத்துவது, தற்கொலை எண்ணம் போன்ற பாரமான விடயங்கள் தொலைபேசியைவிட இணையவழியிலேயே கூடுதலாக வெளிவருகின்றன என்பது அந்நிறுவனத்தின் அனுபவம்.

கணினி வந்தால் செலவு குறையுமா?

குறையாது. தொலைபேசியில் சில நிமிடங்களில் சொல்லி முடிப்பதைத் தட்டச்சில் சொல்ல நெடுநேரம் பிடிக்கும். பிள்ளை அழுகிறதா, மௌனமாக இருக்கிறதா, பக்கத்தில் யாரேனும் நிற்கிறார்களா என்பதைக் குரல் காட்டிக்கொடுக்கும், எழுத்து காட்டிக்கொடுக்காது. எனவே உளவளத்துணையாளர் ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் அறிய வேண்டும். இதற்குப் புதிய பயிற்சியும் கூடுதல் தொண்டர்களும் தேவைப்பட்டன. காத்திருக்கும் வரிசையும் நீண்டது. அந்த வரிசையில் நிற்கும் பிள்ளைக்காகவே இணையத்தளத்தில் மனதை அமைதிப்படுத்தும் பயிற்சிகளும், ஒரே வயதினர் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் பலகைகளும் சேர்க்கப்பட்டன. அந்தப் பலகைகளில் வருவதை ஊழியர்கள் வாசித்த பின்னரே வெளியிடுகிறார்கள்.

படம் பரவினால்

தொலைபேசிக் காலத்தில் செய்யவே முடியாதிருந்த ஓர் உதவியும் இப்போது உண்டு. 18 வயதுக்குட்பட்டவரின் அந்தரங்கப் படம் இணையத்தில் பரவினால், அல்லது பரப்புவதாக யாரேனும் மிரட்டினால், 2021 முதல் ‘ரிப்போர்ட் ரிமூவ்’ என்ற வசதியைப் பயன்படுத்தலாம். பிள்ளை அனுப்பும் படம் சைல்ட்லைன் ஊழியர்களிடம் போவதில்லை. 1996 இல் தொடங்கப்பட்ட இணையக் கண்காணிப்பு நிறுவனமான ஐடபிள்யூஎஃப்பின் ஆய்வாளர்களிடமே போகிறது. அப்படம் சட்டத்துக்குப் புறம்பானது என்றால், அதற்கு விரலடையாளம் போன்ற ஓர் எண்தொடரை உருவாக்குகிறார்கள். அந்த எண்தொடர் மட்டும் பெரிய இணைய நிறுவனங்களுக்குப் போகிறது. அதே படத்தை யாரேனும் மீண்டும் ஏற்ற முயன்றால் அந்நிறுவனங்கள் கண்டுபிடித்துத் தடுக்கலாம். இன்னொருவரின் கைத்தொலைபேசியில் ஏற்கனவே சேமிக்கப்பட்ட பிரதியை இது அழிக்காது. ஆனாலும் மானத்துக்குப் பயந்து மூச்சுவிடாமல் இருக்கும் ஒரு பிள்ளைக்கு, வீட்டில் சொல்லத் துணிவு வரும்வரை இது பெரிய ஆறுதல்.

இரகசியமும் பெற்றோரின் பயமும்

‘அங்கே பேசினால் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள்’ என்ற பயம் எம்மவர்களிடம் ஆழமாக உண்டு. வதிவிட அனுமதி இன்னும் கிடைக்காத குடும்பங்களில் அது இரண்டு மடங்கு. சைல்ட்லைன் ஒரு தொண்டு நிறுவனம்; குடிவரவுத் திணைக்களத்தின் கிளை அல்ல. பிள்ளை உண்மைப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அழைப்பு தொலைபேசிக் கட்டணப் பட்டியலில் காட்டப்படுவதும் இல்லை. ஆனால் இரகசியத்துக்கு ஓர் எல்லை உண்டு: உயிருக்கு ஆபத்து, ஒருவருக்குக் கடுமையான தீங்கு நேரும் நிலை போன்றவற்றில் வேறு தரப்புக்கு அறிவிப்பார்கள். இந்த எல்லையைப் பிள்ளையும் பெற்றோரும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

பெற்றோரின் சம்மதம் வேண்டாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பிரித்தானியாவின் 2018 ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 13 வயதுக்குட்பட்டவரின் தகவல்களை இணையச் சேவைகள் சம்மதத்தின் பேரில் பயன்படுத்துவதானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். தடுப்பு, உளவளத்துணைச் சேவைகளுக்கு மட்டும் அச்சட்டம் விலக்கு அளிக்கிறது. பிள்ளைக்குத் தீங்கு வீட்டுக்குள்ளேயே நடக்கலாம் என்பதுதான் அதன் நியாயம். கேட்கக் கசந்தாலும், அது எமது சமூகத்துக்கும் பொருந்தும் நியாயமே.

தரவு யாருக்குச் சொந்தம்?

திரையில் எழுதியது எங்கோ சேமிக்கப்படுகிறது. இங்கேதான் நாம் கேள்வி கேட்க வேண்டும். அமெரிக்காவில் குறுஞ்செய்தி வழியாக உதவும் ‘கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன்’ என்ற தொண்டு நிறுவனம், பெயர் நீக்கிய உரையாடல் தரவுகளை வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருள் தயாரிக்கும் ஓர் இலாப நிறுவனத்துடன் பகிர்ந்திருந்தது. 2022 ஜனவரியில் அச்செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்ததும் பகிர்வை நிறுத்தியது. பெயரை நீக்கினால் போதும் என்று நிறுவனம் நினைக்கலாம். துயரத்தில் எழுதியவரோ தன் வார்த்தைகள் வேறொருவரின் வியாபாரத்துக்குப் பயன்படும் என்று நினைத்து எழுதவில்லை. ஊரில் சிறுவர் இல்லங்களுக்கு இங்கிருந்து பணம் அனுப்பும் எமது சங்கங்களும் இதை மனதில் கொள்ள வேண்டும். நன்கொடை சேர்ப்பதற்காகப் பிள்ளையின் படத்தையும் பெயரையும் குடும்பக் கதையையும் முகநூலில் போடுவது சுலபம். அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகு அதை இணையத்திலிருந்து முற்றாக அகற்றுவது மிகக் கடினம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

இந்த இலக்கங்களைப் பிள்ளைகளிடம் நாமே சொல்லிவைக்கலாம். பிரித்தானியாவில் 0800 1111. யேர்மனி, நோர்வே, டென்மார்க் நாடுகளில் 116 111. சுவிற்சர்லாந்தில் 147. பிரான்சில் 119. கனடாவில் 1-800-668-6868. அவுஸ்திரேலியாவில் 1800 55 1800. இலங்கையில் 1929. ‘எங்களிடம் சொல்ல முடியாவிட்டால் இவர்களிடமாவது சொல்லு, நாங்கள் கோபிக்கமாட்டோம்’ என்று ஒருமுறை சொல்லிவிடுவோம். பெற்றோரின் வாயிலிருந்தே அதைக் கேட்ட பிள்ளைக்கு, ஒருநாள் எங்களிடமே வந்து பேசுவதும் அவ்வளவு கடினமாக இருக்காது.