பனி விட்டுப்போன கோடை

சாஸ்கச்சவான் மாகாணத்தில் ஒரு பழைய கேலிப் பேச்சு உண்டு. அங்கே வீட்டு நாய் ஓடிப்போனால் பதறத் தேவையில்லையாம். வாசலில் நின்றபடியே மூன்று நாளைக்கு அது ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமாம். கனடாவின் பிரெய்ரி மாகாணங்களான மனிடோபா, சாஸ்கச்சவான், ஆல்பர்ட்டா மூன்றையும் பற்றி வெளியூர்க்காரர்கள் வைத்திருக்கும் அபிப்பிராயம் ஏறக்குறைய இதுதான். தட்டை நிலம், கோதுமை, மஞ்சள் பூத்த கனோலா வயல், முடியாத நெடுஞ்சாலை. பார்க்க என்ன இருக்கிறது? கோடை விடுமுறை வந்தால் உள்ளூர்க்காரர்களே காரை மேற்கே திருப்பி, பான்ஃப் மலைப்பக்கம் போய் நெரிசலில் வண்டி நிறுத்த இடம் தேடுகிறார்கள். அங்கே குடியேறிய நம்மவர்களும் இதற்கு விலக்கில்லை.

போகிற வழியில் அவர்கள் தாண்டிச் செல்லும் சிற்றூர்கள்தாம் இந்தக் கட்டுரையின் விஷயம். ஒரு பெட்ரோல் பங்க், உயர்ந்து நிற்கும் தானியக் கிடங்கு ஒன்று, கோடையில் மட்டும் திறக்கும் ஐஸ்கிரீம் கடை. அவ்வளவுதான் ஊர். ஆனால் ஊர் எல்லையில் ஆளை மூழ்கவிடாத ஏரி இருக்கும்; அல்லது மணல் மேடு, அல்லது வீடளவு பாறை, அல்லது டைனோசர் எலும்பு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் இத்தனைக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரே கைதான் இருக்கிறது. பனியின் கை.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு இந்தச் சமவெளி லாரன்டைடு பனிப்படலத்துக்கு அடியில் கிடந்தது. பல இடங்களில் அதன் தடிமன் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். அத்தனை கனம் மெல்ல நகரும்போது அடியிலிருந்த பாறை சும்மா இருக்குமா? சுரண்டப்பட்டது, நொறுங்கியது, மாவாகியது. பிறகு பனி உருகிப் பின்வாங்கியபோது களிமண், மணல், கல் எல்லாம் கலந்த படிவை அப்படியே போட்டுவிட்டுப் போனது. உருகிய தண்ணீர் சில இடங்களில் ஆழமாக வாய்க்கால் வெட்டியது. போக்கிடம் இல்லாத இடங்களில் ஏரியாகத் தேங்கியது. சரிவே இல்லாத நிலத்தில் தண்ணீருக்கு வழி தெரியவில்லை என்பதுதான் பிரெய்ரியின் பாதிக் கதை.

சாஸ்கட்டூனிலிருந்து தென்கிழக்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் வாட்ரஸ் வரும். அதை ஒட்டி மானிட்டூ பீச் என்ற குட்டி கிராமம். அங்கேயிருக்கும் லிட்டில் மானிட்டூ ஏரி ஒல்லியாக, இருபது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. பனி உருகிய நீர் அறுத்த பழைய வாய்க்காலில் தேங்கிய ஏரி என்பதால் அந்த வடிவம். மழைநீரும் நிலத்தடி ஊற்றும் வந்து சேர்கின்றன; வெளியேற ஆறு கிடையாது. தண்ணீர் போகும் ஒரே வழி வானம். பிரெய்ரியின் வறண்ட காற்றும் கோடை வெயிலும் நீரை ஆவியாக்கி எடுத்துக்கொள்கின்றன, கரைந்து வந்த உப்பு பின்தங்கிவிடுகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இந்தக் கணக்கு நடந்ததில், கடல்நீரைவிட இரண்டு மூன்று மடங்கு உப்பு சேர்ந்துவிட்டது. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் கொஞ்சம் நீர்க்கும், வறண்ட ஆண்டுகளில் இறுகும்.

இந்த ஏரியில் இறங்கினால் மிதக்க முயற்சி வேண்டாம். நிற்கத்தான் முயற்சி வேண்டும். மார்பளவு ஆழம் போனதும் கால் தானாகத் தரையை விட்டுக் கிளம்பும். மல்லாந்துவிட்டால் நீச்சலே தெரியாதவர்கூடக் கைகளைக் கட்டிக்கொண்டு கிடக்கலாம். கணக்கு எளியது. நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது மனித உடலின் சராசரி அடர்த்தி ஏறத்தாழ 0.98. குளத்து நீரின் அடர்த்தி 1 என்றால், உடலில் நூற்றில் இரண்டு பங்குதான் வெளியே நிற்கும். அது உச்சந்தலைக்கே போதாது. அதனால்தான் குளத்தில் வாயும் மூக்கும் மேலே இருக்கக் கை கால் அடிக்க வேண்டியிருக்கிறது. மானிட்டூ நீருக்குச் சொல்லப்படும் அடர்த்தி 1.06. இப்போது ஏழு பங்குக்கு மேல் வெளியே வருகிறது. மனிதத் தலையின் எடையும் உடல் எடையில் கிட்டத்தட்ட அதே ஏழெட்டுப் பங்குதான். தலையைத் தாங்கும் வேலையை ஏரி ஏற்றுக்கொள்கிறது, நாம் சும்மா இருக்கலாம். குப்புற நீந்தப் போனால்தான் வம்பு: கால்கள் மேலே எழும்பி முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தும். காலையில் சவரம் செய்துகொண்டு போனவர்களுக்கு இன்னொரு பாடமும் காத்திருக்கிறது.

நம் நாக்குக்குப் பழகிய சமையல் உப்பு மட்டுமல்ல இது. சோடியம், மெக்னீசியம் சல்பேட்டுகள் நிறைய உண்டு. மெக்னீசியம் சல்பேட் வேறொன்றுமில்லை, மருந்துக் கடையில் விற்கிற பேதி உப்பு. வாயில் பட்டால் கைக்கும். கடலில் குளோரைடுதான் அதிகம், பிரெய்ரி ஏரிகளில் ஏன் சல்பேட்? இதற்குப் பதில் வேண்டுமானால் இன்னொரு சிற்றூருக்குப் போக வேண்டும். மனிடோபாவின் தெற்கோரத்தில் இருக்கும் மார்டன். அங்கேயுள்ள தொல்லுயிர் அருங்காட்சியகத்தில் ‘புரூஸ்’ என்று செல்லப்பெயர் வைத்த மோசசாரின் எலும்புக்கூடு இருக்கிறது. 1974-இல் அந்தப் பக்கத்துக் களிமண்ணிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டது. நீளம் சுமார் 13 மீட்டர். மோசசார் கடல்வாழ் ஊர்வன. கண்டத்தின் நட்டநடுவில் கடல் விலங்குக்கு என்ன வேலை என்றால், டைனோசர் காலத்தில் ஆர்க்டிக்கிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை ஒரு ஆழமில்லாக் கடல் இந்தச் சமவெளியை மூடியிருந்தது. அதன் அடிச்சேறு இறுகிக் களிப்பாறை ஆனது. காற்றுப் படாத அந்தச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் துகள்கள் உண்டாயின. பின்னாளில் பனிப்படலம் அந்தப் பாறையைப் பொடித்து மேலே பரப்பியதும், பூட்டியிருந்த பைரைட் காற்றையும் மழைநீரையும் சந்தித்தது. கந்தக அமிலம் பிறந்தது. அது மண்ணிலிருந்த சுண்ணாம்போடும் களிமண்ணோடும் வினைபுரிந்து சல்பேட் உப்புகளாக மாறி, நிலத்தடி நீரில் கரைந்து, வழியில்லா ஏரிகளில் வந்து அடைந்தது. மானிட்டூவில் மிதப்பவரைத் தாங்குவதில் புரூஸ் நீந்திய கடலின் சேற்றுக்கும் பங்கு உண்டு.

இந்த ஏரிக்கு நோய் தீர்க்கும் குணம் உண்டென்று பழங்குடி மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். வெள்ளையர் குடியேறிய பின் இது குளியல் ஊராகவே ஆகிவிட்டது. 1928-இல் கரையில் கட்டிய டான்ஸ்லேண்ட் என்ற நடன அரங்கு இன்னும் நிற்கிறது. அதன் மேப்பிள் பலகைத் தளத்துக்கு அடியில் குதிரை முடியைப் பரப்பியிருக்கிறார்கள், ஆடுகிறவர்களின் முழங்கால் நோகாதிருக்க. உப்பு நீரில் ஊறிவிட்டு வந்து அந்தத் தளத்தில் நடந்து பார்ப்பது, என் கணக்கில், எந்த மலை உச்சிக்கும் குறைந்த அனுபவமல்ல.

தெற்கே டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில், மூஸ் ஜாவுக்கும் ஸ்விஃப்ட் கரன்ட்டுக்கும் நடுவில் சாப்லின். சில நூறு பேர்கூட இல்லாத ஊர். சாலையோரம் ஜூலை மாதத்திலும் பனி கொட்டிக் கிடப்பது போல வெள்ளைப் பரப்பு தெரியும். அதுவும் உப்புதான், சோடியம் சல்பேட். இங்கே அதை எடுக்க 1948-இல் ஆலை தொடங்கினார்கள். சலவைத் தூள், கண்ணாடி, காகிதம் ஆகிய தொழில்களுக்கு அது போகிறது. வேதாரண்யம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊர் முறை விசித்திரமாகப் படும். வேதாரண்யத்தில் வெயில் காய்ந்தால் உப்பு விளையும். இங்கே குளிர் அடித்தால்தான் உப்பு விளையும். கோடையில் ஏரி நீரைப் பாத்திகளுக்கு ஏற்றி வெயிலில் கெட்டிப்படுத்துவதோடு சூரியனின் வேலை முடிந்தது. காரணம், சோடியம் சல்பேட்டின் கரையும் தன்மை வெப்பத்தோடு சேர்ந்து வெகுவாக ஏறி இறங்குகிறது. 32 டிகிரி வெப்பத்தில் 100 கிராம் தண்ணீரில் சுமார் 50 கிராம் கரையும். உறைநிலைக்கு இறங்கினால் ஐந்து கிராம்கூடத் தங்காது. ஆகவே இலையுதிர் காலத்தின் முதல் குளிர் இரவுகளில், கரைசலில் இருந்த உப்பு ஊசி ஊசியான கண்ணாடிப் படிகங்களாகப் பாத்தியின் அடியில் கொட்டிவிடும். மீந்த நீரை வடித்துவிட்டு, குளிர்காலத்தில் வண்டி வைத்து வாரி எடுப்பார்கள். படிகத்தின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். அதைச் சூடாக்கி விரட்டினால் மிஞ்சுவது வெள்ளைத் தூள்.

இவ்வளவு உப்பில் மீன் வாழாது. மீன் இல்லாத ஏரி என்பதே ஒரு சிறு உயிருக்கு அதிர்ஷ்டம். உப்பிறால் எனப்படும் அது ஒரு சென்டிமீட்டர் நீளம், மல்லாந்து நீந்தும், பதினொரு ஜோடிக் கால்களை அலை போல அசைத்துக்கொண்டே இருக்கும். தன்னைத் தின்ன மீன் கிடையாது என்பதால் கோடையில் கணக்கில்லாமல் பெருகுகிறது. ஏரி வற்றினாலும் உறைந்தாலும் கவலையில்லை. கடினமான ஓடு கொண்ட முட்டைகளை விட்டுச்செல்லும். அவை காய்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, தண்ணீர் வந்ததும் பொரிக்கும்.

இந்தப் பந்தியை நம்பித்தான் தென்னமெரிக்கக் கரையிலிருந்து ஆர்க்டிக் வரை பறக்கும் கரைப்பறவைகள் மே மாதக் கடைசியில் சாப்லினில் இறங்குகின்றன. அவற்றில் சாண்டர்லிங் என்ற உள்ளான் ஐம்பது அறுபது கிராம்தான் இருக்கும். இங்கே சில நாள் வயிறு புடைக்கத் தின்று கொழுப்பேற்றிக்கொள்ளாவிட்டால், பனி முழுதும் கரையாத ஆர்க்டிக்கில் போய் முட்டையிடத் தெம்பு இருக்காது. சாப்லின், ஓல்ட் வைவ்ஸ், ரீட் ஆகிய மூன்று ஏரிகளும் மேற்கு அரைக்கோளக் கரைப்பறவைக் காப்பிட வலையமைப்பில் இடம்பெற்றது இதனால்தான். கோணமூக்கு உள்ளானின் அமெரிக்க இனம் ஒன்று இங்கேயே கூடு கட்டுகிறது. மேல்நோக்கி வளைந்த அலகை நீரில் வலமும் இடமும் வீசி, தட்டுப்படும் இறாலைக் கவ்விக்கொண்டே நடக்கும். அருகிவரும் பைப்பிங் பிளவர் என்ற உப்புக்கொத்தி, கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே புள்ளி போட்ட முட்டைகளை வைத்துவிட்டு, யாராவது நெருங்கினால் சிறகு ஒடிந்தது போல நொண்டி நடித்து வேறு திசைக்கு இழுத்துப்போகும். ஊரிலுள்ள இயற்கை மையத்தில் தொலைநோக்கி கிடைக்கும், வழிகாட்டியும் இருப்பார். மே மாதத்தைத் தவறவிட்டாலும் மோசமில்லை. ஜூலை நடுவிலேயே பறவைகள் தெற்கே திரும்பத் தொடங்கிவிடும்.

ஆல்பர்ட்டாவில் ஒக்கோடோக்ஸ் ஊருக்கு வெளியே, வயலுக்கு நடுவில் ஒரு பாறை. எடை சுமார் 16,500 டன். சுற்றுவட்டாரத்தில் அந்த வகைக் கல்லே கிடையாது. குவார்ட்சைட் எனப்படும் அது, வடமேற்கே ஜாஸ்பர் பக்கத்து மலைகளைச் சேர்ந்தது. யார் தூக்கிவந்து போட்டது? பாறையின் விளிம்புகள் கூர் மழுங்காமல் இருப்பதுதான் துப்பு. பனியாற்றின் அடியில் உருண்டு வந்திருந்தால் தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். மலைச்சரிவு இடிந்து பனியின் முதுகில் விழுந்து, சவாரி செய்து வந்திருக்கிறது. சமவெளிக்கு இறங்கிய மலைப் பனியாற்றைக் கிழக்கிலிருந்து வந்த பெரும் பனிப்படலம் மறித்துத் தெற்கே நெட்டித் தள்ளியது. அதனால் இதே வகைப் பாறைகள் மலையடிவாரம் நெடுக நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரு குறுகிய வரிசையில் சிதறிக் கிடக்கின்றன. பிளாக்ஃபுட் மக்களின் கதையில் இதற்கு வேறு காரணம்: நாப்பி என்பவன் வெயிலில் தன் போர்வையைப் பாறைக்குக் கொடுத்தான், மழை வந்ததும் திருப்பிப் பிடுங்கிக்கொண்டான், கோபம்கொண்ட பாறை அவனைத் துரத்தி உருண்டது. கல் பயணம் செய்தது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை!

இதைப் போன்ற தனிப் பாறைகள் பிரெய்ரி எங்கும் உண்டு. சிலவற்றில் இடுப்பளவு உயரத்தில் கல் பளபளவென்று எண்ணெய் தடவியது போலிருக்கும். மரமில்லா வெளியில் முதுகு சொறிய வேறு வழியில்லாத காட்டெருமைகள் தலைமுறை தலைமுறையாக உரசித் தேய்த்த இடம். தொட்டுப் பார்க்கத் தவறாதீர்கள்.

ஈஸ்டெண்டுக்கு வருவோம். சாஸ்கச்சவானின் தென்மேற்கு மூலையில், ஐந்நூறு பேர் அளவில் வசிக்கும் ஊர். பனி உருகிய வெள்ளம் அறுத்துச்சென்ற ஃபிரெஞ்ச்மேன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மேலேயிருந்த படிவுகளை வெள்ளம் வெட்டியதில், 6 கோடியே 60 லட்சம் ஆண்டுப் பழைய அடுக்குகள் வெளியே தலைநீட்டின. 1991-இல் அருங்காட்சியகத்து ஆய்வாளர்களோடு சுற்றப் போன உள்ளூர்ப் பள்ளி முதல்வர் ராபர்ட் கெப்ஹார்ட், தேய்ந்த ஒரு பல்லையும் ஒரு வால் முள்ளெலும்பையும் கண்டெடுத்தார். டி. ரெக்ஸ். கண்டுபிடிப்பைக் கொண்டாடத் திறந்த ஸ்காட்ச் பாட்டில்தான் அதற்கு ‘ஸ்காட்டி’ என்ற பெயரைக் கொடுத்தது. எலும்பு புதைந்திருந்த மணற்பாறை இரும்பு போல இறுகியிருந்ததால் பிரித்தெடுக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 2019-இல் வெளியான ஆய்வு அதன் உயிர் எடையை 8,870 கிலோ என்று மதிப்பிட்டது. அதுவரை அறியப்பட்ட டி. ரெக்ஸ்களில் அதுவே கனமானது. ஊருக்கு மேலேயுள்ள குன்றின் சரிவில் அருங்காட்சியகத்தைப் பதித்துக் கட்டியிருக்கிறார்கள்.

மனிடோபாவின் கார்பெரி பக்கம் போகிறவர்கள் ஸ்பிரிட் சாண்ட்ஸ் மணல் மேடுகளைப் பார்க்கலாம். அகாசிஸ் என்ற மாபெரும் பனிநீர் ஏரியில் அசினிபோயின் ஆறு கொட்டிய வண்டல் அது. அன்று 6,500 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த டெல்டாவில், புல் மூடாத மணலாக மிஞ்சியிருப்பது சுமார் நான்கு சதுர கிலோமீட்டர்தான். பாலைவனம் என்று விளம்பரம் செய்தாலும் மழை அதற்குக் கொஞ்சம் அதிகம். மனிடோபாவின் ஒரே பல்லியினமான பிரெய்ரி அரணை இந்த மணற்பகுதியில் வாழ்கிறது.

கிளம்புமுன் இரண்டு விஷயம். கொசு மருந்தை மறக்க வேண்டாம். உருகாமல் மண்ணில் புதைந்த பனிக்கட்டிகள் பின்னால் கரைந்ததில் ஏற்பட்ட லட்சக்கணக்கான குழிகளில் இன்றும் தண்ணீர் நிற்கிறது, கொசுவுக்கு அதைவிட என்ன வேண்டும்? அடுத்தது, மழை பெய்தால் கிளைச் சாலைகளில் இறங்காதீர்கள், குறிப்பாக ரெஜினாவைச் சுற்றி. பனிநீர் ஏரியின் அடியில் படிந்த அந்த மெல்லிய களிமண்ணை உள்ளூரில் கம்போ என்பார்கள். காய்ந்தால் சிமெண்ட், நனைந்தால் பசை. சக்கரத்தில் சுற்றிக்கொண்டு வண்டியை நகரவிடாது. அப்புறம் பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரோடு வந்தால்தான் உண்டு.