மடியில் பறக்கும் குழந்தைக்கும் டிக்கெட் உண்டு

இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு விமானத்தில் செலவே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அச்சரப்பாக்கத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியே மீனம்பாக்கம் போய் வெளிநாடு பறக்கும் குடும்பங்கள் இதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். மடியில் அமரும் குழந்தைக்கும் வெளிநாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் சுமார் 10 சதவீதம் வாங்குகிறார்கள், வரிகள் தனி. அது சிறிய தொகைதானே என்று தோன்றலாம். ஆனால், ஊர் திரும்புவதற்குள் இரண்டாவது பிறந்தநாள் வந்துவிட்டால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டும். செலவு பல மடங்காகிவிடும். ஆகவே, மலிவான டிக்கெட்டைத் தேடுவதைவிட, திரும்பும் தேதியைச் சரியாகக் குறிப்பதே பணத்தை மிச்சப்படுத்தும்.

கைக்குழந்தைக்கு எதற்குத் தனி பாஸ்போர்ட் என்று கேட்பவர்கள் உண்டு. பெற்றோரின் பாஸ்போர்ட்டில் குழந்தை பயணம் செய்ய முடியாது. கட்டணம் 1,000 ரூபாய்தான்; எட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் புதிய விண்ணப்பத்துக்கு அதிலும் 10 சதவீதம் தள்ளுபடி. உண்மையான இழப்பு தாமதத்தால் வருவது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான ஒரே ஆதாரம் பிறப்புச் சான்றிதழ். அதில் பெயர் இல்லாமல் தாம்பரம் பாஸ்போர்ட் சேவை மையம் வரை அலைய வேண்டாம். பிறப்பைப் பதிந்த அலுவலகத்தில் 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதை முடித்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.