நிரவி மண்ணுக்கு அடியில் உள்ள வெப்பம்

காரைக்காலை ஒட்டிய நிரவியில்தான் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகை அலுவலகம் இருக்கிறது. அதே நிறுவனம் 2021 பிப்ரவரியில் லடாக்கில் வேறொரு வேலைக்கு ஒப்பந்தம் போட்டது. சுமார் 4,400 மீட்டர் உயரத்திலுள்ள பூகா பள்ளத்தாக்கில், பூமியின் வெப்பத்தைக் கொண்டு 1 மெகாவாட் மின்சாரம் எடுப்பது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் துளையிட்டபோது வெந்நீர் பீறிட்டு ஓடையில் கலந்தது.

பூகாவில் வெந்நீர் தானாகவே கொப்பளிக்கிறது. காவிரி டெல்டாவில் அதைத் தேடி ஆழத்துக்குப் போக வேண்டும். பொதுவாக ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 டிகிரி வெப்பம் கூடும். மூன்று கிலோமீட்டரில் நூறு டிகிரியைத் தாண்டிவிடும். அந்த ஆழத்துக்குத் துளை போடுவதுதான் பெருஞ்செலவு. ஏற்கெனவே துளையிட்டு எண்ணெய் வற்றிய கிணறுகள் இங்கே கவனத்துக்கு வருவது அதனால்தான்.

இந்தச் சூட்டில் நீராவி விசை போதாது. குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் வேறொரு திரவத்தை அந்த வெந்நீரால் ஆவியாக்கி, டர்பைனைச் சுழற்றுகிறார்கள். நீர் மறுபடி பூமிக்குள் போகிறது. அமெரிக்காவின் அலாஸ்காவில், சேனா (Chena) என்ற இடத்தில், 74 டிகிரி நீரிலேயே 2006 முதல் இப்படி மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் அங்கே ஆவியைக் குளிரவைக்கப் பனிக்குளிர்ந்த நீர் உண்டு. காரைக்கால் வெயிலில் அந்த வசதி கிடையாது. எடுக்கும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு மின்சாரமானாலே பெரிது. எண்ணெய்க்காகப் போட்ட ஒடுங்கிய குழாயில் போதுமான நீர் மேலே வருமா என்பதும் கேள்வி. வந்தாலும், வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தில் படிவதுபோல உப்பு படிந்து குழாய் அடைபடும்.

சட்டப் பக்கம் இன்னும் சிக்கல். தமிழ்நாட்டின் 2020 வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயுக்குப் புதிதாகத் துளையிடுவதைத் தடுக்கிறது. பூமியின் வெப்பமோ ஹைட்ரோகார்பன் அல்ல. காரைக்காலோ புதுச்சேரி ஆட்சிப் பகுதி, அந்தச் சட்டம் இங்கே செல்லாது. ஆனால் நிலத்தடி நீருக்கு எல்லைக்கோடு தெரியாது. ஒன்றிய அரசின் முதல் புவிவெப்பக் கொள்கை 2025 செப்டம்பரில்தான் வந்தது. கைவிட்ட எண்ணெய்க் கிணறுகளையும் அது கணக்கில் எடுக்கிறது.

2017இல் தஞ்சை மாவட்டக் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி.யின் எண்ணெய்க் குழாய் கசிந்த வயலை இந்தப் பக்கத்து விவசாயி மறக்கவில்லை. அந்தப் பயம் நியாயமானது. அதைக் கடந்துதான் எந்தத் திட்டமும் வர முடியும். ஆகவே மெகாவாட் பேச்சுக்கு முன், ஓய்ந்த ஒரு கிணற்றின் வெப்பத்தையும் நீரளவையும் உப்பையும் அளந்து, அந்த எண்களைத் தமிழில் நிரவி கொம்யூன் பஞ்சாயத்தில் எல்லாரும் படிக்கும்படி ஓ.என்.ஜி.சி. வைக்கட்டும்.