கடைச் சுவரில் தொங்கும் கணக்குப்பிள்ளை

வணிகப் பெருமக்கள் பலருடைய கடைகளில் இன்று கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்கு ஓரமாக, ஒரு வெள்ளைப் பெட்டி ஆணியில் தொங்குகிறது. இரண்டு மூன்று பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும். 'நெட் பெட்டி' என்போம். விவரம் தெரிந்த பையன்கள் ரூட்டர் என்பார்கள். மாதம் பிறந்தால் அதற்கு ஒரு தொகை கட்டுகிறோம். வேலை செய்யாவிட்டால் சுவிட்சை அணைத்துப் போடுகிறோம். அதற்கு மேல் அதைப் பற்றி நாம் கேட்பதும் இல்லை, யாரும் சொல்வதும் இல்லை. மூட்டைக்குக் கால் கிலோ குறைந்தால் கையில் தூக்கும்போதே கண்டுபிடித்துவிடுகிற நாம், தினசரி வியாபாரம் முழுவதையும் தாங்கி நிற்கிற ஒரு சாமானை இப்படி விட்டுவைத்திருப்பது சரியல்ல.

முன்பு இந்தப் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடை நடந்தது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஜூன் முதல் தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு நகர்வதற்கும் இ-வே பில் வந்தது. வரிக்குட்பட்ட சரக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் அந்த பில் இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. வேடசந்தூரில் கரூர் சாலையோரம் லோடு ஏற்றிய வண்டி நிற்கிறது. டிரைவர் ஒரு டீ குடித்து முடித்து இரண்டாவது டீக்கும் போய்விட்டார். உள்ளே கம்ப்யூட்டரில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எரியோட்டிலும் குஜிலியம்பாறையிலும் சில்லரைக் கடைக்காரர்கள் சரக்கு எப்போது வரும் என்று போன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இணைப்பு எந்த இடத்தில் அறுந்தது என்று தெரிந்தவருக்கு இது ஐந்து நிமிட வேலை. தெரியாதவருக்கு அரை நாள் போய்விடும்.

இந்தப் பெட்டிக்கு முகம் இரண்டு. ஒன்று வெளியூரைப் பார்த்தது, மற்றொன்று கடைக்குள் பார்த்தது. வெளிமுகத்தில் கண்ணாடி இழை வந்து சேருகிறது. உள்முகத்தில் பில் போடும் கம்ப்யூட்டர், கிட்டங்கியில் இருக்கிற கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமராப் பதிவுப் பெட்டி, நம் கைபேசிகள் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. சில கம்பி வழியாக, சில வைஃபை வழியாக. வெளி இணைப்பு அறுந்தாலும் உள் இணைப்பு அறுவதில்லை. நெட் இல்லாத நேரத்திலும் கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டருக்கு பில் போகும். கிட்டங்கி இருப்பைக் கடையிலிருந்து பார்க்கலாம். இது தெரியாமல், நெட் போனதும் முதல் காரியமாகப் பெட்டியை அணைத்துவிடுகிறோம். அப்போது ஓடிக்கொண்டிருந்த உள்வேலையும் சேர்ந்து நின்றுபோகிறது.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணக்கு மென்பொருள் விற்க வருகிறவர், 'எல்லாம் மேலே சேமிப்பில் இருக்கும், உங்களுக்குக் கவலையே இல்லை' என்பார். நெட் இல்லாத நேரத்தில் பில் போட முடியுமா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால், வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடலாம்.

இனி விளக்குகளுக்கு வருவோம். ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால் இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். சாலை தோண்டியதில் அறுந்திருக்கலாம். கடைக்குள்ளேயே மூட்டை இடித்து இழை மடங்கியிருக்கலாம். அது கண்ணாடி, செப்புக் கம்பி மாதிரி நினைத்து ஆணியில் சுற்றி இறுக்கக் கூடாது. சிவப்பு எரியும்போது பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பலன் இல்லை. இணைப்பு கொடுத்தவருக்குப் புகார் சொல்லிவிட்டு, கைபேசியின் இணைப்பைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து இ-வே பில்லை எடுத்து வண்டியை அனுப்பிவிட வேண்டியதுதான். பணம் வந்ததும் குரல் கொடுக்கிற யு.பி.ஐ. பெட்டிகள் பெரும்பாலும் உள்ளே தனி சிம் வைத்திருப்பவை. அது பேசுகிறது என்பதற்காக நம் நெட் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

நம் கடைகளில் மிகுதியாக நடப்பது வேறு ஒரு தொல்லை. மின்சாரம் போய்த் திரும்பி வருகிறது. விளக்கெல்லாம் பச்சை, கைபேசியில் படம் ஓடுகிறது, ஆனால் பில் மட்டும் அச்சாகவில்லை. பிரிண்டர் கெட்டுவிட்டது என்று ஆளைக் கூப்பிடுகிறோம். வந்தவர் பத்து நிமிடம் தட்டிப் பார்த்துச் சரிசெய்துவிட்டு ஒரு தொகை வாங்கிப் போகிறார். அடுத்த மின்தடையில் அதே கதை. இதன் காரணம் பிரிண்டரில் இல்லை.

கிட்டங்கிக்கு வருகிற சரக்குக்கு நாம் லாட் எண் போடுகிறோம் அல்லவா? அதுபோல, தன்னிடம் வந்து சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் பெட்டி ஓர் எண் கொடுக்கிறது. பெட்டியின் சொந்த எண் பெரும்பாலும் 192.168.1.1. அதன்பின் வருவதற்கு 192.168.1.2, அடுத்ததற்கு 3 என்பதுபோல நடக்கும். இந்த வேலைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். எண் சொந்தமாகக் கிடைப்பதில்லை, குத்தகைக்குத்தான். குத்தகைக் காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். பல பெட்டிகள் மின்சாரம் போனால் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதை மறந்துவிடுகின்றன. திரும்ப உயிர் வந்ததும் முந்தி வந்து கேட்டவருக்கு முந்தி எண். நேற்று 5-ஆம் எண்ணில் இருந்த பிரிண்டர் இன்று 8-க்குப் போய்விடுகிறது. கம்ப்யூட்டரோ பழைய 5-ஆம் எண்ணையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணில் இப்போது கடைப் பையனின் கைபேசி உட்கார்ந்திருக்கும்!

மருந்து எளிது. 'இந்தப் பிரிண்டருக்கு என்றைக்கும் இந்த எண்தான்' என்று பெட்டிக்குள் ஒதுக்கி வைக்க இடம் உண்டு. கேமராப் பதிவுப் பெட்டிக்கும் கிட்டங்கி கம்ப்யூட்டருக்கும் அப்படியே ஒதுக்கலாம். அடுத்த முறை ஆள் வரும்போது இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பெட்டிக்கென்றே விற்கிற சிறு பேட்டரி ஒன்றையும் மாட்டிவிட்டால் பெட்டி மறக்க வேண்டிய சந்தர்ப்பமே குறைந்துபோகும்.

192.168 என்று தொடங்கும் எண் நம் கடையில் மட்டுமா இருக்கிறது? அடுத்த கடையிலும் இருக்கிறது, அமெரிக்காவிலும் இருக்கிறது. உலகத்துக்கென்று வகுத்த பழைய முறையில் மொத்த எண்களே சுமார் 429 கோடிதான். அது போதாது என்று முன்கூட்டியே தெரிந்ததால், 1990-களில் சில வரிசைகளை 'உள்ளுக்குள் யாரும் வைத்துக்கொள்ளலாம், வெளியே செல்லாது' என்று ஒதுக்கினார்கள். வெளியே போகும்போது கடை முழுவதற்கும் ஒரே எண். நம் கமிஷன் மண்டி மாதிரிதான். உள்ளே எத்தனை பேர் கணக்கு இருந்தாலும் வெளியூருக்கு எழுதுவது மண்டியின் ஒரே முகவரியில். எந்தச் சாதனம் எந்த ஊருக்கு ஆர்டர் போட்டது என்று பெட்டி தன் சிட்டையில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் சிட்டையைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. சிட்டையில் இல்லாமல் தானாக வந்து கதவைத் தட்டுகிற சரக்கை உள்ளே விடுவதில்லை. நாம் கேட்காமலே கிடைத்த காவல் இது.

பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடிக் கொடுக்கிற வேலையும் உண்டு, அது டி.என்.எஸ்., நம் கல்லாப் பெட்டியில் கிடக்கும் போன் நம்பர் நோட்டு. இது கெட்டால் நெட் இருக்கும், ஆனால் எந்தத் தளமும் திறக்காது. 2016 அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்காவில் டைன் என்ற நிறுவனத்தின் பெயர்ப் பதிவேட்டை ஒரு பெரும் தாக்குதல் முடக்கியது. ட்விட்டர் போன்ற பெரிய தளங்கள் எல்லாம் நின்ற இடத்தில் நன்றாகத்தான் நின்றன. போகும் வழிதான் யாருக்கும் தெரியவில்லை. தாக்கியவை எவை என்று பார்த்தால், உலகம் முழுவதும் கடைகளிலும் வீடுகளிலும் இருந்த கேமராக்களும், பதிவுப் பெட்டிகளும், ரூட்டர்களும். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததால் அவை அந்நியர் கையில் சிக்கி, சொந்தக்காரருக்கே தெரியாமல் அடியாள் வேலை பார்த்தன.

அது எங்கோ நடந்தது என்று விட முடியாது. 2017 ஜூலையில் நம் நாட்டிலேயே பி.எஸ்.என்.எல். சந்தாதாரர்களின் மோடங்கள் ஒரு கெட்ட நிரலால் தாக்கப்பட்டன. சுமார் 60,000 மோடங்கள் முடங்கின என்று செய்தி வந்தது. பயனர் பெயர் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்' என்று வந்தபடியே விட்டிருந்த பெட்டிகள்தான் மாட்டிக்கொண்டன. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அந்த நிறுவனமே சந்தாதாரர்களைக் கேட்டுக்கொண்டது.

நாம் பூட்டு மாவட்டத்துக்காரர்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு கையால் செய்வது. ஒன்றின் சாவி மற்றொன்றுக்குச் சேராது என்பதில்தான் அதற்குப் பேர். அந்தப் பூட்டைக் கிட்டங்கியில் போட்டுவிட்டு, ஒரே சாவியில் ஊரே திறக்கிற பெட்டியைக் கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்தால் எப்படி? இதில் நம்மவர்கள் குழம்புவது ஓர் இடத்தில். கடவுச்சொல் இரண்டு. வைஃபையில் சேர்வதற்கு ஒன்று, பெட்டிக்குள் நுழைந்து அமைப்புகளை மாற்றுவதற்கு ஒன்று. முதலாவதை மாற்றிவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். இரண்டாவதுதான் கிட்டங்கிச் சாவி.

கேமரா மாட்டுகிறவர்களிடமும் கவனம் வேண்டும். வீட்டிலிருந்தபடியே கடையைப் பார்க்க வேண்டும் என்று நாம் கேட்போம். சிலர் அதற்காகப் பெட்டியின் காவலில் ஒரு பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போவார்கள். அந்த வாசல் நமக்கு மட்டும் திறந்ததல்ல. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் திருடப்பட்டு இணையத்தில் விலைக்குப் போனது நாடு முழுவதும் பேசப்பட்டது. அங்கும் எளிய கடவுச்சொல் மாற்றப்படாமலே இருந்தது என்று பத்திரிகைகள் எழுதின. நம் கடைக் கேமராவில் தெரிவது கல்லா, கிட்டங்கிக் கதவு, பணம் எண்ணுகிற நேரம். பின்வாசல் ஏதும் திறந்திருக்கிறதா என்று மாட்டியவரையே அழைத்துக் கேட்டு, இருந்தால் மூடச் சொல்லுங்கள்.

வாடிக்கையாளர் வந்து, 'அண்ணாச்சி, வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்க, பணம் அனுப்பணும்' என்பார். மறுக்க மனம் வராது. சொன்னால் அவருடைய கைபேசி நம் கணக்குக் கம்ப்யூட்டர் இருக்கிற அதே உள்வரிசையில் வந்து உட்காரும். போகிறவர் வருகிறவர் எதைப் பார்த்தாலும், எதை அனுப்பினாலும், நாளைக்கு விசாரணை என்றால் முதலில் வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வாசலுக்குத்தான். இதற்கும் வழி இருக்கிறது. விருந்தினர் வலையமைப்பு என்று தனிப் பெயரில் இன்னொரு வைஃபை விடப் பெரும்பாலான பெட்டிகளில் வசதி உண்டு. அதில் சேர்ந்தவர் வெளியே போகலாம், நம் கணக்குப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. திண்ணையில் உட்கார இடம் கொடுப்பதுபோல.

பெட்டியை எங்கே மாட்டுவது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். எண்ணெய் டின் அடுக்குக்குப் பின்னால் மாட்டினால் வைஃபை அலை தகரத்தில் முட்டித் திரும்பும். அரிசி மூட்டை அடுக்கும் அலையை விழுங்கும். 2.4 என்ற அலைவரிசை சுவர் தாண்டிக் கொஞ்சம் தூரம் போகும். 5 என்பது வேகம், ஆனால் எட்டாது. கிட்டங்கி சற்றுத் தள்ளி இருப்பவர்கள் அலையை நம்பாமல் கம்பியே இழுத்துக்கொள்வது நல்லது. ஒரு தடவைச் செலவுதான்.

நமது கடையில் ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்னட்டையில் இவற்றைப் பேனாவால் எழுதிக் கல்லாவுக்குள் வைத்திருக்கிறோம்: இணைப்பு கொடுத்தவர் தந்த பயனர் பெயர், புகார் எண், பெட்டியின் இரண்டு கடவுச்சொற்கள், பிரிண்டருக்கும் கேமராவுக்கும் ஒதுக்கிய எண்கள், கடைசியாக யார் வந்து எதை மாற்றினார் என்ற தேதி. கடை பூட்டும்போது அதுவும் பெட்டகத்துக்குள் போய்விடும்.